இடைவேளை ஆரஞ்சு

சனிக்கிழமை மூன்றே முக்கால் மணி. சிலேட்டு மலைமேல் மழை சாய்ந்து பெய்கிறது. ஒருகாலத்தில் வேல்ஸ் கால்பந்து அணிக்காகப் பதினெட்டு ஆட்டங்களில் ஈரத் தோல்பந்துகளைத் தலையால் முட்டித் தள்ளிய எம்ரிஸ், அடுப்படி மேசையருகே உட்கார்ந்து, மனைவி எலுனெட் நறுக்கித் தந்த ஆரஞ்சுத் துண்டை உறிஞ்சுகிறார். அந்நாளில் இடைவேளைக்கு இதைத்தான் தருவார்கள். சாறு மோவாயில் வழிகிறது. சக்கையை அவள் கையில் வைத்துவிட்டு, காலுறைகளை முழங்கால்வரை இழுத்துக்கொண்டு எழுகிறார். "ரெண்டாவது பாதிக்குக் கூப்பிட்டாச்சா?" "மழை விடட்டும்னு நடுவர் சொல்லிட்டாரு. உக்காருங்க." எலுனெட் வாராவாரம் சொல்லும் அதே பொய். எம்ரிஸ் ஜன்னலைப் பார்க்கிறார். "அப்ப நான் வர நேரமாகும்னு எங்க வீட்ல சொல்லிடுங்கம்மா. எலுனெட் சாப்பிடாம உக்காந்திருப்பா." ஆரஞ்சுச் சக்கை அவள் விரல்களுக்குள் நசுங்குகிறது. "சொல்லிடறேன்," என்கிறாள்.