வீடு இன்னும் முடியல

"மாமா, உங்க வீடு எப்பதான் முடியும்?"

அந்த வாரத்தில் யும்னா இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

ஜமால் முகம்மது பேத்தி நூராவின் தட்டில் தோசையைப் பிய்த்து வைத்துக்கொண்டே சொன்னார். "அதை ஏம்மா கேக்குற? ஜன்னல் கண்ணாடி அளவு தப்பா வந்துடுச்சாம். கான்ட்ராக்டர் திருப்பி அனுப்பியிருக்கான்."

"போன மாசம் மழைன்னான். அதுக்கு முந்தி ஆள் பத்தலைன்னான்."

"என்ன பண்றது? அவன் சொல்றதுதானே கணக்கு."

பிடோக்கில் இருந்த பழைய தரைவீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தபோது, "பத்து மாசம்" என்று சொல்லித்தான் தெம்பனிஸில் மகன் அதீஃபின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். இப்போது பதினாறு மாதம் ஆகிறது. யும்னா உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்த அறை மாமனாருக்குப் போய்விட்டது. அவளுடைய லேப்டாப் சாப்பாட்டு மேசையில் மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தது.

அறை போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய பேச்சைத்தான் தாங்க முடியவில்லை.

"இது என்ன? கத்தரிக்கா. என்ன கலர்? ஊதா. தாத்தா இப்ப கத்தரிக்காயை நறுக்கப் போறேன். நறுக்குறேன். நறுக்கிட்டேன்!"

சமையலறையில் தொடங்குவது லிஃப்டில் தொடரும், பஸ் நிறுத்தத்தில் தொடரும், காப்பிக்கடையிலும் தொடரும். கல்யாணமான புதிதில் ஸலாம் சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் நுழைந்துகொள்கிற மனிதராகத்தான் அவள் அவரைப் பார்த்திருந்தாள். வயசானால் வாய் இப்படித் திறந்துகொள்ளும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கேட்டால், "சும்மா உக்கார முடியலம்மா. வீடு முடியுற வரைக்கும் பொழுது போகணும்ல" என்பார்.

அதே பொழுதுபோக்குக்காகத்தான் நூராவைப் பாலர் பள்ளியிலிருந்து மத்தியானமே அழைத்து வந்துவிடுவார். சாயங்காலம் யும்னா வீடு திரும்பும்போது தாத்தாவும் பேத்தியும் ஜன்னலோரம் நின்று, கீழே போகிற பஸ்களை ஒவ்வொன்றாக வழியனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

ஆபீஸில் உமாமகேஸ்வரி கேட்டாள். "நூரா இப்ப எப்படி?"

மூன்று வயது வரை 'ம்மா', 'தா' தவிர வேறு வார்த்தை வராத பிள்ளை. அதை நினைத்து யும்னா அழுத அழுகை உமாவுக்குத் தெரியும்.

"அல்ஹம்துலில்லாஹ்! நேத்து என்னைப் பாத்து, 'அம்மா, ஏன் லேட்டு?'ன்னு கேக்குறா. ஸ்பீச் தெரபிஸ்ட் ரொம்பக் கெட்டிக்காரி. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் பாக்குறாங்க, ஆனா பாரேன்!"

"உங்க மாமனார்?"

"அவருக்கு வீடு முடிஞ்சாத்தான் எனக்கு ரூம் கிடைக்கும். அந்த கான்ட்ராக்டரை நானே நேர்ல போய் ரெண்டு கேள்வி கேக்கப் போறேன்."

கேட்கத்தான் போனாள். புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு பிடோக்குக்குப் பஸ் ஏறினாள்.

போய்ப் பார்த்தால், வீடு பளிச்சென்று நிற்கிறது. எல்லா ஜன்னலிலும் கண்ணாடி. சுவரில் வெள்ளைப் பெயிண்ட். கேட்டில் மட்டும் பூட்டு.

பக்கத்து வீட்டு வேலையையும் கான்ட்ராக்டர் திலீப்தான் எடுத்திருந்தான். சாரத்தின் கீழ் நின்றவனைக் கூப்பிட்டு, தான் யாரென்று சொன்னாள்.

"கண்ணாடி அளவு தப்பா வந்துடுச்சாமே?"

"எந்தக் கண்ணாடி சிஸ்டர்? நான் சார்கிட்ட சாவி குடுத்தே நாலு மாசம் ஆச்சே!"

யும்னாவுக்குக் காது சுட்டது. "நாலு மாசமா பொய் சொல்லிட்டா என் வீட்டுல உக்காந்திருக்காரு?"

திலீப் தலைக்கவசத்தைக் கழற்றினான். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தான்.

"கோச்சுக்காதீங்க சிஸ்டர். நானும் கேட்டேன், புது வீட்டைப் பூட்டி வச்சுட்டு அங்க ஏன் சார் இருக்கீங்கன்னு. 'பேத்தி கூட நாள் பூரா யாராச்சும் பேசிக்கிட்டே இருக்கணும்னு தெரபிஸ்ட் சொல்லியிருக்காங்கப்பா. மகனும் மருமகளும் வேலைக்குப் போறவங்க. அதுக்காகத்தான் தங்குறேன்னு சொன்னா, தன்னால முடியலையேன்னு மருமகப் பொண்ணு மனசு நொந்து போகும். வீடு முடியலன்னா யாருக்கும் சங்கடமில்ல'ன்னு சொன்னாரு."



"அதுலயும் பேசுறதுக்கு அவரு!" திலீப் சிரித்தான். "ஒரு வருஷம் இங்க வந்து போனாரு. நான் பத்து கேள்வி கேட்டா, ஒரு தலையாட்டல்தான் பதில்."

பூட்டிக் கிடந்த கேட்டை அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

தெம்பனிஸில் லிஃப்டை விட்டு இறங்கும்போதே அவர் குரல் தாழ்வாரம் வரைக்கும் கேட்டது. தொண்டை கட்டி, சொற்கள் கரகரத்தன. நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்.

யும்னா நேராக அடுப்படிக்குப் போய் ஒரு குவளை வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னம்மா, இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டே?" என்றவர், அவள் கேட்பதற்கு முன்னால் தானே ஆரம்பித்தார். "கான்ட்ராக்டர் போன் பண்ணினான்மா. அந்தக் கண்ணாடி..."

"நானும் விசாரிச்சேன் மாமா" என்றாள் யும்னா. "கண்ணாடி மட்டுமில்லையாம். கூரை, கதவு, எல்லாத்துலயும் பிரச்சினையாம். இன்னும் ரெண்டு வருஷமாவது இழுக்கும்னு சொல்றாங்க."