ஓரத்தில் ஒரு வரி

நூற்று நாற்பத்தேழாவது தாளில் என் விரல் நின்றது.

அதுவரை எந்திரம் போல எண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நான்கு, ஐந்து, நான்கு, மூன்று. பல்கலைக்கழக மாணவர்களின் சிந்தனைத் திறனும் மனப்பாங்கும் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும்.

முப்பத்தெட்டாவது வாக்கியம்: 'என் எதிர்காலத்தை நான் திட்டமிட்டு வைத்திருக்கிறேன்.'

ஐந்தைச் சுற்றி வட்டம். முழுமையாக உடன்படுகிறாராம்.

ஓரத்தில், பென்சிலால், பொடி எழுத்தில் ஒரு வரி. 'வெள்ளிக்கிழமை வரைக்கும்.'

மாணவர்கள் நிரப்பிய தாள்களை வாங்கியது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

அந்தத் தாளை மட்டும் கட்டிலிருந்து உருவி எடுத்தேன்.

ஊருக்குக் கிளம்பும் நாளாக இருக்கலாம். யாரையோ சந்திக்கும் நாளாக இருக்கலாம். சும்மா கிறுக்கியதாகக்கூட இருக்கலாம். எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

ஆய்வு நெறியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"விளையாட்டுக்கு எழுதியிருக்கும்மா. பேரே வேண்டாம்னு வாக்குக் குடுத்துத்தானே வாங்கினே? இப்ப ஆளைத் தேடிப் போனா ஆய்வே செல்லாது. மூணு வருஷ உழைப்பு, யோசிச்சுக்கோ."

யோசித்தேன். யோசித்துக்கொண்டே தாள்கட்டைப் புரட்டினேன்.

தாள்களை வகுப்புவாரியாகக் கட்டி வைத்திருந்தேன். நூற்று இருபதிலிருந்து நூற்று அறுபது வரை புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. அத்தனை பேரும் பேனாவால் எழுதியிருந்தார்கள். இது மட்டும் பென்சில்.

அந்தப் பென்சிலைக் கொடுத்ததே நான்தான்.

பேனா எழுதவில்லை என்று ஒரு பெண் வந்து கேட்டாள். முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு நன்றி சொன்னாள். அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. தாள்களை எண்ணுகிற அவசரத்தில் நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மணிக்கட்டில் ரப்பர் பேண்டில் கோத்த விடுதிச் சாவி மட்டும் ஞாபகத்தில் இருந்தது.

மூன்று மாடி ஏறி அந்த வகுப்புக்கு ஓடினேன். ஆசிரியர் இன்னும் வரவில்லை. சாவியை அடையாளம் சொன்னதும் முதல் பெஞ்சுப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"அவளா? இன்னிக்கு வரலைக்கா. நேத்தே நோட்ஸ், கால்குலேட்டர் எல்லாத்தையும் எங்களுக்குக் குடுத்துட்டா. இனிமே தேவைப்படாதாம்."

கால்குலேட்டரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

அறை எண்ணைக் கேட்டுக்கொண்டு ஓடினேன். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

விடுதி வாசலில் காப்பாளர் அம்மா மறித்தார். உறவுக்காரர்கள் இல்லாமல் மேலே விடுவதில்லை என்றார். "பத்தொன்பதாம் ரூம் பொண்ணோட அக்கா நான்" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சரளமாக நான் பொய் சொன்னதில்லை.

பத்தொன்பதாம் அறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினேன். சத்தமில்லை. மறுபடியும் தட்டினேன். என் மூச்சுதான் எனக்குக் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் பெயர் தெரியாது. நாற்பது வாக்கியங்களுக்கு அவளுடைய பதில் என்னிடம் இருந்தது, பெயர் இல்லை.

"பென்சில் குடுத்த அக்கா வந்திருக்கேன்!" என்று கத்தினேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

தலையை நேர்த்தியாக வாரியிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் அறை சுத்தமாகப் பெருக்கிக் கிடந்தது. கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதையெல்லாம் யாராவது படிப்பாங்களாக்கா?"

"நான் படிச்சேன்."

வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள். முதலில் அழுதது நான்தான்.

அன்று மதியமே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மாலையில் அவள் அம்மா வந்து சேர்ந்தார். அவள் இப்போது மூன்றாம் ஆண்டு. கால்குலேட்டரைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

ஆய்விலிருந்து நூற்று நாற்பத்தேழை எடுத்துவிட்டேன். நெறியாளர் இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து, மிச்சமிருந்த தாள்களின் ஓரங்களை அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"அது விளையாட்டில்லைன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

பயமாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

மிச்சத்தை அவரிடம் சொல்லவில்லை. நானும் இரண்டாம் ஆண்டில், ஓர் உள்தேர்வில், கடைசி விடைக்குக் கீழே ஏறக்குறைய இதே வரியை எழுதியிருந்தேன்.

திருத்திய தாள் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி. அரை மதிப்பெண்.