ஏறுகிற கோடு

பிட்ஸ்பர்க்கில் பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் சாம்பல் பூத்துவிடுகிறது. கூட்ட அறையின் திரையில் பச்சைக் கோடு ஒன்று மேலே ஏறி நிற்கிறது. முதியவர்கள் வீட்டிலிருந்தே மருந்து வரவழைக்கும் செயலியை ஒரு நாளில் எத்தனை முறை தொடுகிறார்கள் என்ற கணக்கு அது. மேலாளர் டேரில் கோட்டின் உச்சியைத் தொட்டுக் காட்ட, எல்லோரும் கைதட்டுகிறார்கள். லோர்னா தன் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். செயலி வைத்திருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. காலையில் எடுத்த காணொளி ஓசையில்லாமல் ஓடுகிறது. நடுங்கும் விரல் ஒன்று ஒரே பொத்தானை அழுத்துகிறது, காத்திருக்கிறது, மறுபடி அழுத்துகிறது. “டேரில், ஆசைப்பட்டு யாரும் தொடல. மருந்து வருமா வராதான்னு தெரியாமத் தொடுறாங்க. எத்தனை பேருக்கு மருந்து கைக்கு வந்துச்சுன்னு பார்க்கலாமே.” “ஏறுற கோட்டுல கண்ணு வைக்காத தாயே,” என்கிறான் பக்கத்திலிருக்கும் ராண்டி. மெல்லிய சிரிப்பு எழுந்து அடங்குகிறது. டேரில் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி இமைகளைத் தேய்க்கிறான். “நான் அதையும் பார்த்துட்டேன் லோர்னா. அந்தக் கோடு இறங்குது. அதைக் காட்டினா முதல் போட்டவங்க கடையை மூடச் சொல்லிருவாங்க.” வெளியே ஈரப்பனி விழுந்தவுடன் கரைகிறது. “அடுத்த வருஷமும் இதே கணக்குதான். சம்மதம்னா கையைத் தூக்குங்க.” கைகள் எழுகின்றன. லோர்னா காணொளியை நிறுத்துகிறாள். தன் கையைத் தோள்வரைக்கும் தூக்குகிறாள். டேரில் அதையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறான்.