எட்டுப் பாகக் கயிறு

ஏழு பாடம் நடத்திய சோபனா டீச்சர் ஏழு கடல் நீந்தியவள்போலக் கதிரையில் சரிந்தாள். இரண்டு மணிக்குக் கிளிவெட்டிக்குக் கடைசி பஸ். உயிர்க்கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றி ஒடுங்குவதைக் காட்ட, மீனவர் றுவைஸின் எட்டு மிதவைகளில் அவருடைய எட்டுப் பாகக் கயிற்றைச் சுற்றி, பிஸ்கற் ரின்னுக்குள் அமுக்கியிருந்தாள். அவற்றைக் கொடுத்துவிட்டால் வீடு.

வகுப்பு வாசலுக்கு வந்த றுவைஸ் ரின்னுக்குள்ளிருந்து கயிற்றைக் கைகளை விரித்துப் பாகம் பாகமாக அளந்து இழுத்தார். எட்டுப் பாகம் வந்தது. ஒன்பதாவதும் வந்தது.

“வேற கயிறு போட்டீங்களா டீச்சர்?”

“இல்லை. கெதியா எடுங்கோ, பஸ் போயிடும்.”

அவர் எட்டில் வெட்டினார். “மிச்சம் எனக்கு ஹறாம். மிதவையைத் தாங்க.”

மிதவைகள் ரின்னின் அடியில், மிச்சக் கயிற்றுக்குக் கீழே கிடந்தன. சோபனா இழுத்தாள். முப்பதாம் பாகத்தில் பஸ் போனது. நாற்பதாம் பாகத்திலிருந்து கயிறு ஈரமாக வந்தது.