நல்ல தண்ணீர்க் கிணறு

"இப்ப உள்ள ஆளுகளுக்கு யோசிக்கிற பழக்கமே இல்லீங்க. ஒரு வருசம் வெடிச் சத்தம் கேக்கலேன்னா போதும், பொட்டியக் கட்டிடுறாங்க," என்றார் காளியப்பன்.

ஹட்டன் தேயிலைத் தோட்டத்து ஆள் என்றுதான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கை முழுக்க அவரைத் தெரியும். மேபலின் வீட்டுப் பின் அறையில் ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கிறார். எதையும் நம்பமாட்டார், வானொலி நேரம் சொன்னால்கூடத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்.

மேபலின் மகள் டோரின் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை. வருகிற திங்கட்கிழமை போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் இடம் வேறொருவருக்கு. நல்ல வீடு ஒன்று சரிவந்தால்தான் விடுவேன் என்று மேபல் ஒற்றைக்காலில் நின்றாள்.

வீடு பார்த்துவிட்டு வந்தவன் வெள்ளவத்தைச் சிவமணி. டோரினோடு முன்பு ஒரே கந்தோரில் வேலை செய்தவன். பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்துச் சொந்த ஊருக்குப் போய் நேற்றுத்தான் திரும்பியிருந்தான். கையில் ஒரு கட்டு அவித்த பனங்கிழங்கு.

"முதல் விஷயம், ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. போர்ட் போட்டிருந்தாலும் சரி, இல்லாட்டிலும் சரி, புல்லுக்கை கால் வைக்காதைங்கோ. மிதிவெடி," என்றான். "சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

"பழகுறேன்."

"கரண்ட் வரும், போகும். ஆறு மணிக்குப் பிறகு கடையள் பூட்டு. போற வழியெல்லாம் சனம் 'ஆற்றை பிள்ளை, எவ்விடம்' எண்டு கேக்கும். கோவிக்காமல் சொல்லிப்போட்டுப் போகவேணும்."

"இங்க மட்டும் கேக்கிறதில்லையா? ஆமிக்காரன் கேக்கிறானே," என்றாள் மேபல். சோதனைக்கு வந்தவர்களிடம் காளியப்பனுக்காகவும் அவளேதான் முந்திக்கொண்டு, "ஹட்டன் ஆள், மாத்தயா, யாழ்ப்பாணம் இல்ல" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

பனங்கிழங்கைக் கடித்த டோரினுக்குப் பல்லெல்லாம் நார். மேபல் ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். காளியப்பன் பேச்சோடு பேச்சாக ஒரு கிழங்கை எடுத்து, நுனியை முறித்து, பெருவிரல் நகத்தால் இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை இழுத்தெறிந்துவிட்டு, நாரை உரித்துத் துண்டு துண்டாக டோரினின் தட்டில் போட்டு, ஒன்றைத் தன் வாயிலும் போட்டுக்கொண்டார்.

"கடக்கரையிலேருந்து வீடு எவ்வளவு தூரம், தம்பி?"

"கூப்பிடு தூரம்."

"அப்ப கிணத்துல உப்பு. சோப்பு நொரைக்காது. தலமுடியெல்லாம் கொட்டிடும், பொண்ணு."

"அங்க எல்லாக் கிணறும் உப்புத்தான், பெரியவர். இந்த ஒரு வளவுக் கிணறு மட்டும் நல்ல தண்ணி. அயலே அதிலைதான் அள்ளுது."

காளியப்பனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "யாரு சொன்னா? வீட்டுத் தெறப்பு வச்சிருக்கிறவனா? அவன் அப்பிடித்தான் சொல்லுவான்."

"நீங்கள் வவுனியாவுக்கு அங்காலை போயிருக்கிறியளோ?" சிவமணிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நான் எதுக்குப் போகணும்? எனக்குத் தோட்டத்து அட்டக்கடியே போதும்."

மேபல் சிரித்தாள். சிவமணி சட்டைப் பையிலிருந்து வீட்டின் படத்தை எடுத்து நீட்டினான். மஞ்சள் சுவர், இடிந்த மதில், ஓரமாகக் கிணற்றுக்கட்டு. டோரினும் மேபலும் பார்த்துவிட்டுக் கொடுத்த படத்தைக் காளியப்பன் வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்து மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"என்ன காளியப்பண்ணே, வீட்டை வாங்கப் போறீங்களா?" என்றாள் மேபல்.

"வீட்டுக்காரன் எங்க?"

"தொண்ணூற்றைஞ்சில ஊரே எழும்பி ஓடினபோது போன மனிசன். பெஞ்சாதி வழியிலை செத்துப்போச்சாம். ஆள் வெளிநாட்டிலையோ, மண்ணுக்கையோ, ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் திறப்பை வச்சுப் பாத்துக்கொள்ளுறார்."

"அடுத்தவன் வீட்டக் குடுக்க அவன் யாரு?"

"சும்மா கிடந்து பாழாப் போறதுக்கு, ஒரு பிள்ளை இருந்து விளக்கேத்தினால் நல்லதுதானே."

காளியப்பன் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். "எனக்கு நம்பிக்கை இல்ல. சண்ட நிறுத்த ஒப்பந்தத்துலயும் இல்ல, அந்தத் தெறப்புக்காரன்கிட்டயும் இல்ல."

டோரின் நடப்பதை நிறுத்தினாள். "நீங்க எதைத்தான் நம்பினீங்க, காளியப்பண்ணே? இந்த வீடு இல்லாட்டி எனக்கு வேலையும் இல்ல. உப்பு, உப்பு எண்டு நீங்க சொல்லச் சொல்ல அம்மாட முகத்தப் பாருங்க."

ஒரு கால் செருப்பில், மற்றக் கால் படியில். அப்படியே நின்றார் அவர்.

"உப்பு இல்ல," என்றார். "அந்தக் கிணறு நல்ல தண்ணிதான்."

"இப்பதானே உப்பு எண்டீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டியபடி பின் அறைப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. குரல் மட்டும் வந்தது. ஏழு வருடத்தில் அந்த வீட்டில் ஒருவரும் அவர் வாயால் கேட்டிராத யாழ்ப்பாணப் பேச்சு.

"அந்த வீட்டை நான் இன்னும் ஒருத்தருக்கும் வாடகைக்குக் குடுக்கேல்லை, பிள்ளை."