வளையம்

விபத்தில் இரு கால்களும் செயலிழந்த பிறகும் முரளிதரன் தன் ஸ்போர்ட்ஸ் காரை விற்கவில்லை. ஆள் வைத்து ஓட்டி பிலோமினாவின் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

"ஆக்சிலேட்டர், பிரேக் ரெண்டையும் கைக்கு மாத்திக் குடுங்க மேடம். ஆனா கம்பெனியில இருந்தே இப்படித்தான் வந்துச்சுன்னு தோணோணும். யாரும் பரிதாபமா எட்டிப் பாக்கக் கூடாது."

பிலோமினா ஏழு வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். வயர்களை டேஷ்போர்டுக்குள் மறைத்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பொருத்திய ஆக்சிலேட்டர் வளையத்துக்கும் அதே கறுப்புத் தோல், அதே சிவப்புத் தையல். நூலின் நிறம் ஒத்துவராமல் மூன்று முறை பிரித்துத் தைத்தாள்.

காரை எடுக்க அவன் மனைவி சுகந்தியோடு வந்தான். அவன் மறுபடி ஓட்டுவதில் அவளுக்குத் துளியும் சம்மதமில்லை.

சீட்டில் உட்கார்ந்து தேடினான். "எங்க வெச்சிருக்கீங்க? ஒண்ணையும் காணமே!"

பிலோமினா அவன் விரல்களைப் பிடித்து வளையத்தின் மேல் வைத்தாள். எஞ்சினைக் கிளப்பி மெல்ல அழுத்தினான், கார் உறுமியது. அவன் கண் கலங்கியதைப் பார்க்காதவள்போல் பிலோமினா கார்க் கண்ணாடியைத் துடைத்தாள்.

"நீ ஆட்டோல வந்துரு," என்றான் மனைவியிடம்.

சுகந்தி மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள்.

"மெதுவாப் போங்க," என்றாள். பிறகு, "ரொம்ப மெதுவாவும் வேண்டாம்."