வழிவிட்டார்கள்

அறுபதாம் பிறந்தநாள் பாராட்டு விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தார் கல்வி வள்ளல் தணிகாசலம். ரவுண்டானாவில் ஒரு வண்டியும் நகரவில்லை.

"வரிசையில நிக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்? உள்ள விடுய்யா," என்றார்.

டிரைவர் சவரிமுத்து கிடைத்த இடைவெளியில் காரைச் செருகினார். பின்னால் வந்தது பூ மூடிய சவ ஊர்தி. அதை ஓட்டியவர் ஹாரன் அடிக்கவில்லை. தலையை நீட்டி, "பரவால்ல, நீங்க முன்னால போங்க," என்றார்.

ரவுண்டானா முழுக்க நின்று வழிவிட்டது. பைக்கில் இருந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள்.

"பாத்தியா, நம்ம பேருக்கு இருக்கிற மரியாதைய," என்று தணிகாசலமும் பதிலுக்குக் கும்பிட்டார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விழா மண்டபம் இடப்பக்கம். சவரிமுத்து இண்டிகேட்டரைப் போட்டார். போக்குவரத்துக் காவலரோ நேரே மயானச் சாலையைக் காட்டினார். தணிகாசலம் கண்ணாடியை இறக்கி, "லெஃப்ட்ல விடுய்யா, எனக்காக எல்லாரும் காத்திருக்காங்க," என்று கத்தினார்.

காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். பிறகு சவரிமுத்துவிடம் தணிந்த குரலில், "என்ன வயசுப்பா இவருக்கு?" என்று கேட்டார்.

"இன்னையோட அறுபது சார்," என்ற சவரிமுத்து, இண்டிகேட்டரை அணைத்தார்.